கணனியும் காலக் குறிப்பும்: ஓர் ஒத்திசைப்புச் சிக்கலின் வரலாறு

பலர் கூடிச் செய்யும் எத்தொழிலுக்கும் காலவொழுங்கு இன்றியமையாதது. தேர்வடம் பற்றியோர் ஒரே குரலுக்கு இழுத்தாலன்றித் தேர் நகராது. நாதசுரமும் தவிலும் ஒரே தாளத்துக்கு இசைந்து நடந்தாலன்றி மேளக்கச்சேரி கேட்கத் தகாது. ஒரு குழுவினர் தம்முள் இசைந்து நடத்தல் பயிற்சியாற் கைகூடும். ஆயின், இரு கோயில்களின் மேளக்காரர் வெவ்வேறு தாளத்தில் வாசித்துக்கொண்டு வந்து ஒரு சந்தியில் எதிர்ப்பட்டால் யாது நிகழும்? ஒரு குழுவின் தாளத்தில் வந்த செய்தியை மற்றைக் குழு எக்கணத்தில் ஏற்றுக்கொள்வது? வேடிக்கையாகத் தோன்றும் இவ்வினாவே இருபதாம் நூற்றாண்டின் கணனிப் பொறியியலாளரை நெடுங்காலம் அலைக்கழித்தது.

இச்சிக்கல் 1952ஆம் ஆண்டிலேயே தெளிவாக அச்சில் எழுதப்பட்டுவிட்டது. எனினும் அதனைப் பொறியியலுலகம் பொதுவாக ஒப்புக்கொள்வதற்கு மேலும் இருபது ஆண்டுகள் சென்றன. ஓர் உண்மை எழுதப்பட்ட பின்னரும் அறியப்படாமற் கிடந்தது எங்ஙனம்? அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கணனிக்குள் கடிகாரம் புகுந்தமை

ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் ஆக்கப்பெற்று 1946இல் உலகுக்கு அறிமுகமான எனியாக் என்னும் பொறியில் ஏறத்தாழ 18,000 வால்வுகள் இருந்தன. அவை தத்தம் விருப்பப்படி இயங்கின் கணக்கு ஒழுங்காக முடியாது. ஆதலின் செக்கனுக்கு 1,00,000 துடிப்புக்களைப் பிறப்பிக்கும் பகுதியொன்று அதில் அமைக்கப்பட்டது. பொறியின் ஏனைய பகுதிகள் யாவும் அத்துடிப்புக்கு இசைந்தே இயங்கின.

1949ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் திகதி கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் முதன்முதல் இயங்கிய எட்சாக் என்னும் பொறிக்குக் காலவொழுங்கு இன்னும் இன்றியமையாததாயிற்று. அதன் நினைவகம் இரசம் நிரப்பிய குழாய்களால் ஆயது. எண்கள் ஒலித்துடிப்புக்களாக இரசத்தினூடு சென்று, மறுமுனையில் மீண்டும் மின்துடிப்புக்களாகி, முதல் முனைக்கே திருப்பப்படும். ஓர் எண் எக்கணத்தில் வெளிவரும் என்பதை அறிந்தாலன்றி அதனைப் பற்றிக்கொள்ள இயலாது. எனவே அங்கே காலமே முகவரியாயிற்று எனலாம்.

கடிகாரத் துடிப்பு அளித்த பெரும் பயன் ஒன்றுண்டு. மின்னழுத்தம் ஒரு நிலையிலிருந்து மற்றை நிலைக்கு மாறுங்கால் இடைப்பட்ட அளவுகள் யாவற்றையும் கடந்தே செல்லும். ‘பூச்சியம்’, ‘ஒன்று’ என்னும் இரண்டையன்றி வேறொன்றையும் அறியாத கணனிக்கு அவ்விடைநிலைகள் பொருளற்றவை. கடிகாரமோ, “மாற்றங்கள் யாவும் முடியட்டும், பின்னரே நான் துடிப்பேன், நான் துடிக்கும் கணத்தில் மட்டும் பாருங்கள்” என்று பணிப்பதுபோல் நிற்கின்றது. அதனால் இடைநிலைகள் பார்வைக்கு மறைக்கப்படுகின்றன. ஒரே கடிகாரத்தின் ஆட்சிக்குள் அடங்கிய பொறியொன்றில் இவ்வேற்பாடு குறையின்றி நடைபெறும்.

எல்லையில் எழும் இடர்

எந்தக் கணனியும் தன்னுள் அடங்கி வாழ்வதில்லை. தட்டச்சுப் பலகையில் விசையை அழுத்துவோன் கணனியின் கடிகாரத்தைக் கேட்டு அழுத்துவதில்லை. சுழலும் காந்தத் தட்டு தன் மோட்டரின் வேகத்துக்கே இயங்கும். தொலைவிலுள்ள மற்றொரு கணனிக்கு அதன் சொந்தக் கடிகாரம் உண்டு.

இரு கடிகாரங்களையும் ஒரே வேகத்தனவாக வாங்கிவிடின் போதாதோ எனச் சிலர் வினவலாம். செக்கனுக்கு ஒரு கோடி முறை துடிப்பன எனக் குறிக்கப்பட்ட இரு பளிங்குகளை எடுத்துக்கொள்வோம். அவற்றின் வேகம் பத்து இலட்சத்தில் 50 பங்கு மட்டும் வேறுபடுகிறது எனக் கொள்வோம். இது வணிகத்தில் விற்பனையாகும் பளிங்குகளுக்குப் பொதுவான வேறுபாடே. அவ்வாறாயின் ஒரு செக்கனில் ஒன்று மற்றையதிலும் 500 துடிப்புக்கள் மிகையாகத் துடிக்கும். அஃதாவது ஒன்றின் துடிப்பு மற்றையதன் துடிப்பைச் செக்கனுக்கு 500 முறை மெல்லமெல்ல உராய்ந்து கடந்து செல்லும். கடக்குந்தோறும் இரண்டும் ஏறத்தாழ ஒரே கணத்தில் நிகழும் வாய்ப்பு உண்டாகின்றது. ஒத்த வேகத்தனவாகத் தோன்றும் கடிகாரங்களும் இங்ஙனம் தம்முள் ஒவ்வாதனவேயாகும்.

ஒல்லாந்து தேசத்து அறிஞர் கிறித்தியான் ஹைகன்ஸ் 1665ஆம் ஆண்டில் விந்தையொன்றைக் கண்டார். ஒரே தாங்கியில் தொங்கிய இரு ஊசற் கடிகாரங்கள் சிறிது நேரத்தில் தாமாகவே ஒன்றற்கொன்று இசைந்து ஆடின. தாங்கியின் நுண்ணிய அசைவு ஒன்றன் செய்தியை மற்றையதற்குக் கொண்டுசென்றமையே அதற்குக் காரணம். தனித்தனிக் கணனிகளின் கடிகாரங்களுக்கோ அத்தகைய பொதுத் தாங்கி இல்லை. அவை என்றும் அயலவராகவே நிற்கின்றன.

இனி, புறத்திருந்து வரும் குறிப்பை ஏற்கும் வாயிலை நோக்குவோம். அவ்விடத்தில் பிளிப்-பிளொப் எனப்படும் இருநிலைச் சுற்று ஒன்று வைக்கப்படும். கடிகாரம் துடிக்கும் கணத்தில் உள்ளீடு பூச்சியமாயிருந்தால் பூச்சியத்தையும், ஒன்றாயிருந்தால் ஒன்றையும் அது பற்றி வைத்துக்கொள்ளும். உள்ளீடு மாறிக்கொண்டிருக்கும் அதே கணத்தில் கடிகாரமும் துடித்தால், சுற்று ஒரு பக்கமும் சாராது நடுவே நின்றுவிடக்கூடும். மலையுச்சியில் நிறுத்திய உருண்டையை இதற்கு உவமை கூறலாம். இரு பக்கமும் பள்ளம் இருப்பினும் உச்சியில் உள்ள உருண்டை உடனே உருளவேண்டும் என்ற நியதியில்லை. மதில்மேற் பூனை எந்தப் பக்கம் பாயும் என்பது மட்டுமன்று, எப்பொழுது பாயும் என்பதும் இங்கே தெரியாது. பொறியியலாளர் இதனை மெற்றாஸ்ரபிலிற்றி என்பர். நாம் இடைநிலைத் தயக்கம் என வழங்குவோம்.

ஈண்டு ஒன்றை நன்கு உணர்தல் வேண்டும். சுற்று பூச்சியத்தைத் தெரிந்தாலும் ஒன்றைத் தெரிந்தாலும் கேடில்லை. குறிப்பு இத்துடிப்பில் ஏற்கப்படாவிடின் அடுத்த துடிப்பில் ஏற்கப்படும். தெரியாது நிற்பதே கேடு. நடுவே நிற்கும் அழுத்தத்தைக் கணனியின் ஒரு பகுதி பூச்சியமெனவும் மற்றொரு பகுதி ஒன்றெனவும் பொருள் கொள்ளும். ஒரே செய்தியைக் கேட்ட இரு ஏவலாளர் இரு வேறு கட்டளைகளை நிறைவேற்றப் புறப்பட்டது போலாகும். பொறியை வகுத்தவர் கனவிலும் கருதாத நிலையொன்றுக்குப் பொறி சென்றுவிடும். இரணியன் இரவும் வேண்டா, பகலும் வேண்டா, உள்ளும் வேண்டா, புறமும் வேண்டா என வரம் பெற்றுத் தன்னை முற்றுங் காத்துக்கொண்டதாக எண்ணினான். அந்திப்பொழுதும் வாயிற்படியும் அவன் கணக்கில் இடம்பெறவில்லை. பூச்சியமும் ஒன்றுமே உலகம் எனக் கொண்ட கணனிக்கும் அந்திப்பொழுது ஒன்று உண்டு.

லப்கின் எழுதிய குறிப்பு

எட்வாக் என்னும் முற்காலக் கணனியின் ஆக்கத்திற் பங்குகொண்டவர் சாமுவேல் லப்கின். அவர் 1952ஆம் ஆண்டில், கணித அட்டவணைகளுக்கும் கணிப்புச் சாதனங்களுக்கும் உரிய அமெரிக்க ஆய்விதழொன்றில், சில பக்கங்களே கொண்ட குறிப்பொன்றை வெளியிட்டார். எண்முறைக் கணனிகளில் ஒத்திசையாக் குறிப்புக்கள் என்பதே அதன் பொருள். புறத்திருந்து வரும் குறிப்பை ஓர் இருநிலைச் சுற்றினால் ஏற்றுவிட்டால் யாவும் செவ்வையாகும் என்ற எண்ணம் பிழையென அவர் காட்டினார். சுற்று தீர்மானிக்கத் தாமதிக்கும் வாய்ப்பு எப்பொழுதும் எஞ்சியிருக்கும். ஒன்றன்பின் ஒன்றாக மேலும் சுற்றுக்களை வைத்தால் அவ்வாய்ப்பை மிகக் குறைக்கலாம். அறவே ஒழித்தல் இயலாது. இன்றைய பாடநூல்கள் கற்பிக்கும் சாரம் பெரும்பாலும் அக்குறிப்பில் அடங்கியிருந்தது.

எனினும் அக்குறிப்பு வித்தாக முளைக்கவில்லை. அதற்கு நான்கு காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, இப்பிழை அரிதாக நிகழ்வது. நாட்கணக்கில் ஒழுங்காக இயங்கும் பொறி ஒரு கணத்தில் தடுமாறும். மீண்டும் அதே வேலையைக் கொடுத்தால் பழுதின்றிச் செய்யும். வால்வுகள் அடிக்கடி எரிந்துபோன அக்காலத்தில் இத்தகைய தடுமாற்றத்துக்கு வேறு காரணம் கற்பித்தல் எளிதாயிருந்தது.

இரண்டாவது, அக்காலப் பொறிகளின் வேகம் குறைவு, புறக்குறிப்புக்களும் சில. 1960களில் திரான்சிற்றர்கள் வந்து கடிகார வேகம் பெருகியது. பல கருவிகள் ஒரே கணனியுடன் இணைக்கப்பட்டன. நடந்துகொண்டிருக்கும் வேலையை இடைநிறுத்திப் புறக்கருவியின் அழைப்பைக் கவனிக்கும் முறையும் பரவியது. அதனால் இடர் நிகழும் எல்லைகளும் பெருகின.

மூன்றாவது, கற்பித்தல் முறை. யோர்ஜ் பூலின் தருக்கக் கணிதத்தைக் கொண்டு கணனிச் சுற்றுக்களைப் பயில்வோர் பூச்சியம், ஒன்று என்னும் இரண்டையே காண்பர். மூன்றாவது நிலை அக்கணிதத்தில் இல்லை. கருத்துலகில் இல்லாத ஒன்று பொருளுலகிலும் இல்லை என நம்பிவிடுதல் மனித இயல்பு.

நான்காவது காரணத்தை அடுத்து வரும் வரலாறு காட்டும்.

மறதியும் மறுகண்டுபிடிப்பும்

1966ஆம் ஆண்டில் ஐவர் கற் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர், ஒத்திசையாத் துடிப்புக்களை வாயிற் சுற்றுக்களுக்குட் புகுத்துவதால் நேரும் கால இழப்பைப் பற்றிக் கட்டுரையொன்றை அமெரிக்க ஆய்விதழொன்றில் வெளியிட்டார். எத்துணைக் காலம் காத்திருந்தாற் பிழை எவ்வளவு குறையும் என்ற வினா இதனால் மீண்டும் அச்சேறியது.

அக்காலத்திலேயே செயின்ற் லூயி நகரிலுள்ள வாஷிங்ரன் பல்கலைக்கழகத்தில் வெஸ்லி கிளார்க்கின் தலைமையில் புதியதொரு முயற்சி நடைபெற்றது. மக்குரோமொடியூல் எனப் பெயரிய பெரும் உறுப்புக்களைச் சிறுவர் விளையாட்டுக் கட்டைகள்போல் ஒன்றோடொன்று பொருத்தி, வேண்டிய கணனியை வேண்டியவரே அமைத்துக்கொள்ளச் செய்வதே அம்முயற்சி. அவ்வுறுப்புக்களுக்குப் பொதுக் கடிகாரம் இல்லை. ஓர் உறுப்பு தன் வேலையை முடித்ததும் அடுத்ததற்கு அறிவிக்கும். இரு உறுப்புக்கள் மூன்றாவதொன்றை ஒரே கணத்தில் அழைத்தால் யாருக்கு முதலிடம் என்பதைத் தீர்க்க நடுவர்ச் சுற்றுக்கள் வேண்டியிருந்தன. அந்நடுவர்களை ஆராய்ந்த தோமஸ் சேனி, சார்ள்ஸ் மோல்னர் என்போர், நடுவரே திகைத்து நிற்கும் தருணங்கள் உண்டு எனக் கண்டனர்.

கண்டதை வெளியிடுதல் எளிதாயிருக்கவில்லை. தொடக்கத்தில் தாம் எதிர்கொண்ட மறுப்பொன்றை மோல்னர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கின்றார். அதனை மறுத்த மதிப்பீட்டாளரின் வாதம் வருமாறு அமைந்தது: இத்தகைய சிக்கல் மெய்யாகவே இருப்பின் அது மிக முக்கியமானதாகும், முக்கியமானதாயின் இத்துறை வல்லுநர் யாவரும் அறிந்திருப்பர், வல்லுநனாகிய நான் அறியேன், ஆதலின் அச்சிக்கல் இல்லை. தருக்கத்தின் உருவம் பழுதற்றதுபோல் தோன்றினும் அதன் அடிநிலையில் தன் அறிவே அறிவின் எல்லை என்னும் எண்ணம் மறைந்து நிற்கின்றது. நாம் மேலே கூறாது விட்ட நான்காவது காரணம் இதுவேயாகும்.

இதற்கிடையில் இடர் தன் இருப்பைத் தானே உணர்த்தியது. இன்றைய இணையத்தின் முன்னோடியாகிய ஆர்ப்பாநெற் வலையமைப்புக்கு உரிய செய்திமாற்றுப் பொறிகளை, 1969ஆம் ஆண்டில் மசாச்சுசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் ஒரு பொறியியற் குழு ஆக்கிக்கொண்டிருந்தது. முன்மாதிரிப் பொறி பல மணிநேரம் நன்கு இயங்கிய பின்னர்க் காரணம் தோன்றாது நின்றுபோயிற்று. அக்குழுவைச் சேர்ந்த செவெரோ ஓர்ன்ஸ்ரைன் முன்னர்ச் செயின்ற் லூயியில் பணியாற்றியவர். ஆதலின் ஒத்திசைப்புச் சுற்றின் தயக்கத்தை அவர் ஐயுற்றார். ஐயம் மெய்யாயிற்று, சுற்றும் திருத்தப்பட்டது. பொறி அவ்வாண்டு ஆகஸ்ற் மாத இறுதியில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. இச்சிக்கலை முன்னரே அறிந்த ஒருவர் அங்கு இல்லாதிருப்பின், எத்துணை நாட்கள் பிழையை வேறெங்கோ தேடியிருப்பர் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

1972இல் சேனியும் ஓர்ன்ஸ்ரைனும் வேறொருவரும் சேர்ந்து, ஒத்திசைப்புச் சுற்றைக் குறித்து எச்சரிக்கையாயிருங்கள் என்னும் பொருள்படத் தலைப்பிட்ட கட்டுரையொன்றைக் கணனி மாநாடொன்றிற் சமர்ப்பித்தனர். 1973ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில் சேனியும் மோல்னரும் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை வெளிவந்தது. அதன் வலிமை வாதத்தில் மட்டுமன்றிப் படத்திலும் இருந்தது. அலைகாட்டியின் திரையில் இருநிலைச் சுற்றின் அழுத்தம் நடுவே தயங்கி நிற்பதைப் புகைப்படமாகவே அவர்கள் காட்டினர். இல்லையென வாதித்த ஒன்றைக் கண்ணாற் கண்டபின் மறுக்க இடமிருக்கவில்லை. லப்கினின் குறிப்பு வெளிவந்து அப்போது 21 ஆண்டுகள் ஆகியிருந்தன.

கழுதையும் கணிதமும்

இடர் உண்டு என ஒப்புக்கொண்டதும் அதனை அறவே நீக்கும் வழியைப் பலர் தேடினர். தயக்கத்தை அறியும் சுற்றொன்றை வைத்து, தயங்கினால் உடனே பூச்சியத்துக்குத் தள்ளிவிடலாம் என்றனர் சிலர். நடுநிலை அழுத்தத்தை ஒரு பக்கத்துக்கு ஒதுக்கும் வாயில்களை வைக்கலாம் என்றனர் வேறு சிலர். ஆயின், இது தயக்கமா அன்றா எனத் தீர்மானிப்பதும் ஒரு தீர்மானமே. அத்தீர்மானத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையில் அச்சுற்றும் தயங்கும். இடர் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாற்றப்பட்டதேயன்றி ஒழியவில்லை.

இது ஏன் என்பதை விளக்கப் பழைய தத்துவக் கதையொன்று உதவுகின்றது. சம தூரத்தில் இரு வைக்கோற் போர்களைக் கண்ட கழுதை, ஒன்றை விட்டு மற்றையதை நாடக் காரணமின்மையால் பசியால் இறந்தது என்பது கதை. பதினான்காம் நூற்றாண்டில் பாரிஸ் நகரிற் கற்பித்த யோன் புரிடான் பெயரால் இது வழங்குகின்றது. எனினும் அவர் நூல்களில் அக்கழுதை காணப்படவில்லை. அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே அரிஸ்ரோட்டில், பசியும் தாகமும் ஒத்த அளவினவாகப் பெற்று, உணவுக்கும் நீருக்கும் நடுவே நின்ற மனிதனைக் குறித்தார். இஸ்லாமியப் பேரறிஞர் அல் கஸ்ஸாலி, ஒத்த இரு பேரீச்சம் பழங்களுக்கு எதிரே நிற்பவன் தன் விருப்பாற்றலால் ஒன்றை எடுத்தே தீர்வான் என வாதித்தார்.

கணனி அறிஞர் லெஸ்லி லம்போட் 1984இல் எழுதிய புரிடானின் கோட்பாடு என்னும் கட்டுரை இவ்வினாவைக் கணிதத்தால் அணுகுகின்றது. அக்கட்டுரை 2012ஆம் ஆண்டிலேயே இயற்பியல் ஆய்விதழொன்றில் வெளிவந்தது. அதன் கருத்தைச் சுருங்கக் கூறின் வருமாறு. கழுதையை இரு போர்களுக்கும் இடைப்பட்ட கோட்டில் எங்கேனும் நிறுத்துவோம். குறித்த காலம் சென்றபின் அது எங்கே நிற்கும் என்பது தொடங்கிய இடத்தைப் பொறுத்தது. இடப்போரின் அருகே தொடங்கின் இடப்போரில் நிற்கும். வலப்போரின் அருகே தொடங்கின் வலப்போரில் நிற்கும். தொடக்கத்தைச் சிறிது மாற்றினால் முடிவும் சிறிதே மாறும் என்னும் தொடர்ச்சி இயற்கைக்கு உண்டாயின், இடக்கோடி முடிவிலிருந்து வலக்கோடி முடிவுக்குத் தாண்டிக் குதித்தல் இயலாது. எனவே குறித்த காலம் முடிந்த பின்னரும் நடுவே நிற்கச் செய்யும் தொடக்கப் புள்ளி ஒன்றேனும் இருந்தே தீரும். காலத்தை எத்துணை நீட்டினும் அப்புள்ளி ஒழியாது. ஆதலின், தொடர்ச்சியான அளவொன்றைக் கொண்டு ‘இதுவோ அதுவோ’ எனக் குறித்த காலத்துக்குள் தவறாது தீர்மானித்தல் எக்கருவிக்கும் ஒல்லாது என்பது பெறப்படும். மின்சுற்றுக்களுக்கு உரிய பொதுக் கொள்கையை லெனார்ட் மரீனோ 1981இல் நிறுவியிருந்தார். என்றும் ஓயாது இயங்கும் பொறியை ஆக்க முயன்றோரின் கதியே, தயங்காத் தீர்மானச் சுற்றை ஆக்க முயன்றோருக்கும் நேர்ந்தது.

காத்திருத்தலின் பயன்

அங்ஙனமாயின் இன்றைய கணனிகள் எவ்வாறு நம்பத்தக்கனவாக இயங்குகின்றன? விடை காத்திருத்தலில் உளது. தயக்கம் நீடிக்கும் வாய்ப்பு, காத்திருக்கும் காலத்தோடு அடுக்குக்குறி முறையில் விரைந்து குறையும். கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். கடிகாரம் செக்கனுக்கு ஒரு கோடி முறை துடிக்கட்டும். புறக்குறிப்பு செக்கனுக்கு ஓரிலட்சம் முறை மாறட்டும். இடர் விளைக்கும் கால இடைவெளி ஒரு நனோசெக்கன், அஃதாவது செக்கனில் நூறு கோடியில் ஒரு பங்கு ஆகட்டும். சுற்று நடுநிலையை விட்டு விலகும் கால மாறிலியும் அதே அளவினதாகட்டும்.

பத்து நனோசெக்கன் காத்திருந்தால் சராசரி 22 செக்கனுக்கு ஒரு பிழை நேரும். இருபது காத்திருந்தால் ஏறத்தாழ ஐந்தரை நாளுக்கு ஒன்று. முப்பது காத்திருந்தால் ஏறத்தாழ 340 ஆண்டுக்கு ஒன்று. நாற்பது காத்திருந்தால் 74 இலட்சம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்துக்கு ஒன்று. கூட்டும் ஒவ்வொரு பத்து நனோசெக்கனும் பிழையற்ற காலத்தை 22,000 மடங்குக்கு மேல் பெருக்குகின்றது. லப்கின் கூறியதுபோல இரண்டு அல்லது மூன்று இருநிலைச் சுற்றுக்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தலின் பயன் இதுவே. ஒவ்வொரு சுற்றும் முந்தையதற்குத் தீர்மானிக்க ஒரு துடிப்புக்காலம் தருகின்றது. ஆயின் இதே கணக்கை மறுபுறமாகவும் வாசித்தல் வேண்டும். கணனியின் வேகத்தைக் கூட்டுவதற்காகக் காத்திருக்கும் காலத்தைக் குறைப்பவர், பல நூற்றாண்டுகளைச் சில நாட்களாகக் குறைத்துவிடுகின்றார்.

பல இலக்கங்கள் கொண்ட எண்ணொன்றை ஒரு கடிகாரத்தின் ஆட்சியிலிருந்து மற்றையதற்கு அனுப்புதல் வேறோர் இடரையும் உடையது. ஏழு என்பது இரும எண்முறையில் 0111. எட்டு என்பது 1000. ஏழு எட்டாக மாறுங்கால் நான்கு இலக்கங்களும் ஒருங்கே மாறும். அக்கணத்தில் வாசிப்பவர் சில இலக்கங்களைப் பழையனவாகவும் சிலவற்றைப் புதியனவாகவும் காணலாம். விளைவு பதினாறு எண்களுள் எதுவாகவும் இருக்கலாம். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பிராங் கிறே 1947இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1953இல் அதனைப் பெற்ற குறியீட்டு முறையில், அடுத்தடுத்த எண்கள் ஒரே ஓர் இலக்கத்தாலேயே வேறுபடும். வேறு நோக்கத்துக்காக எழுந்த அக்குறியீடு இங்கே பெரிதும் பயன்பட்டது. மாறும் இலக்கம் ஒன்றே ஆதலின், வாசிப்பவர் பழைய எண்ணையோ புதிய எண்ணையோ காண்பரன்றி மூன்றாவதொன்றைக் காணார். இரு கடிகாரங்களுக்கிடையே செய்திகளை வரிசையாக நிறுத்திக் கைமாற்றும் சேமிப்புக்களில் இம்முறை இன்று பெருவழக்காயுள்ளது.

வேறொரு வழியும் உண்டு. தீர்மானம் முடியும்வரை கடிகாரத்தையே நிறுத்திவைப்பது அவ்வழி. 1980இல் வெளிவந்த மீட், கொன்வே என்போரின் புகழ்பெற்ற நூலில் காலவொழுங்கு பற்றிய அதிகாரத்தைச் சார்ள்ஸ் சைற்ஸ் எழுதினார். இத்துறை மாணவர் பலருக்கு அவ்வதிகாரம் இக்கருத்துக்களை அறிமுகஞ் செய்தது. 1984இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் டானியல் சப்பீரோ சமர்ப்பித்த கலாநிதிப் பட்ட ஆய்வு, ஒவ்வோர் உறுப்பும் தன்னுள் தன் கடிகாரத்துக்கு அடங்கியும், உறுப்புக்கள் தம்முள் பொதுக் கடிகாரமின்றிச் செய்தி பரிமாறியும் இயங்கும் முறையை வகுத்தது. கடிகாரமற்ற சுற்றுக்களின் கொள்கையை இலினோய்ப் பல்கலைக்கழகத்தில் டேவிட் மல்லர் 1950களிலேயே வளர்த்திருந்தார். ஐவன் சதர்லண்ட் 1989இல் வெளிவந்த ரியூறிங் பரிசுப் பேருரையில் அவ்வழியை மீண்டும் வலியுறுத்தினார்.

இவ்விருவழிகளையும் ஒப்புநோக்கின் அரியதோர் உண்மை புலனாகும். குறித்த காலத்துக்குள் விடை வேண்டுவோர், எத்துணைச் சிறிதாயினும் பிழைக்கு இடந்தரல் வேண்டும். பிழையற்ற விடை வேண்டுவோர், எத்துணை நேரமாயினும் காத்திருக்க உடன்படல் வேண்டும். இரண்டையும் ஒருங்கே பெறுதல் எவர்க்கும் இல்லை.

இவ்வுண்மை பழங்கதையாகிவிடவில்லை. செக்கனுக்கு 300 கோடி துடிப்புடைய கணனியில் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே ஒளி வெற்றிடத்தில் பத்துச் சதமமீற்றரே செல்லும். நுண்கம்பிகளில் மின்குறிப்பு அதனினும் மெதுவாகவே செல்லும். விரல்நகம் போன்ற சிறு சில்லின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஒரே துடிப்பை ஒரே கணத்தில் கொண்டுசெல்வதே அரிதாகிவிட்டது. ஆதலின் ஒரு சில்லினுள்ளேயே பல கடிகாரங்கள் ஆட்சி செய்கின்றன. முன்னர்க் கணனிக்கும் புறவுலகுக்கும் இடையே இருந்த எல்லை இன்று கணனியின் உள்ளேயே பல கோடுகளாக ஓடுகின்றது. இத்துறையில் நெடுங்காலம் உழைத்த டேவிட் கினிமென்ற் 2007இல் இப்பொருளுக்கெனவே தனிநூல் எழுதியமை, சிக்கல் வளர்ந்துவந்தமைக்குச் சான்றாகும்.

முடிவுரை

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவன இரண்டு. முதலாவது, இயலாமையை நிறுவுதலும் அறிவின் ஆக்கமே. பிழையை ஒழிக்க முடியாது என ஒப்புக்கொண்ட பின்னரே, அதனை அளந்து, வேண்டிய அளவுக்குக் குறைக்கும் கலை வளர்ந்தது. பிழையே இல்லை எனக் கூறிய காலத்திற் பொறிகள் காரணந் தெரியாது நின்றன. பிழை உண்டு, இத்துணை ஆண்டுக்கு ஒன்று எனக் கூறத்தொடங்கிய பின்னரே அவை நம்பத்தக்கனவாயின.

இரண்டாவது, எழுதப்பட்டமை ஒன்றினாலே உண்மை நிலைபெற்றுவிடாது. சில பக்கங்களில் லப்கின் எழுதியதை வாசித்து, ஏற்று, அடுத்த தலைமுறைக்குக் கற்பிப்போர் இல்லாமையால், அதே உண்மையைப் பிறர் மீண்டும் முயன்று காணவேண்டியதாயிற்று. நூலகத்தின் மூலையிற் கிடக்கும் பழைய ஆய்விதழொன்றைப் புரட்டும் மாணவனும், தான் அறியாதது ஒன்றை மாணவன் கூறுங்கால் உடனே மறுக்காது செவிசாய்க்கும் ஆசிரியனுமே இக்குறையைத் தீர்க்க வல்லார். நான் அறியேன், ஆதலின் இல்லை என்னும் வாதம் ஒரு மதிப்பீட்டாளருக்கு மட்டும் உரியதன்று. வகுப்பறையிலும் ஆய்வுகூடத்திலும் அது நம்மெல்லோர் நாவிலும் எழக்கூடியது. எழும்போது அதனை அறிந்து அடக்குதலே கல்வியின் பயனாகும்.